குறைந்த ஆறு மாத்திரை

துவைக்கப் போட்ட பேண்ட் பாக்கெட்டில் என் பிரஷர் மாத்திரை அட்டை கிடைத்தது. கத்தரித்து எடுத்த துண்டு. ஆறில் ஒன்று காலி.

வருஷா வருஷம் மார்ச் மாதம் ஆறு மாத்திரை குறையும். சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் புகழ்வேந்தனை வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் திருடன் என்றே திட்டியிருக்கிறேன். திருடன் என் வீட்டுக்காரர் பிரிட்டோ. நைட் ஷிப்ட் முடிந்து வந்து நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

எழுப்பிக் கேட்டேன். கூச்சமே இல்லாமல் சொன்னார்.

"வியாழக்கெழம கம்பெனில மெடிக்கல் செக்கப்பு. மூணு நாள் ரெண்டு வேள போட்டா பிரஷர் எறங்கிடும். இல்லன்னா ஃபோர்க்லிப்ட் ஓட்ட வுட மாட்டான்."

"அப்ப ஒனுக்குப் பிரஷர் இருக்குன்னு தெரியும்!"

"எனுக்கு இன்னாடி? தல சுத்துதா, மாரு வலிக்குதா? எங்கப்பன் குடிச்சிச் செத்தான். நான் தொடறதே இல்லியே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அப்பா கரும்புக் கொல்லையில் மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தபோது வயது நாற்பத்தாறு. இவருக்கு இப்போது நாற்பத்து நாலு. ராத்திரிக்கு ஒரு பாக்கெட் சிகரெட், தினமும் கருவாடு, ஊறுகாய், வைத்தியமே பார்க்காத பிரஷர். குடிக்கவில்லையாம்! மூன்று நாள் மெஷினை ஏமாற்றிவிட்டால் நெஞ்சும் ஏமாந்துவிடுமா?

மிச்ச ஐந்தையும் பிடுங்கிக்கொண்டேன். "கடைல வாங்கித் தின்னீன்னா, கம்பெனி கேட்டுக்கே வந்து சொல்லிடுவேன்."

வியாழக்கிழமை மத்தியானமே திரும்பி வந்தார். காகிதத்தை என் மூஞ்சியில் எறிந்தார்.

"நூத்தித் தொண்ணூறாம்! வண்டில ஏறாதன்னுட்டான். என் பொழப்பக் கெடுத்திட்டியேடி!"

"நல்லா கத்து. கத்தறதுக்கு நீ இருக்கணும்யா, அதான் எனுக்கு வேணும்!"

அந்தச் சூட்டோடு சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனேன். டாக்டரம்மா பரிசோதித்து, ஈசிஜி எடுத்து, என்னைவிட அதிகமாகத் திட்டினார். சிகரெட்டையும் உப்பையும் விடச் சொல்லி, மாத்திரைக்குச் சீட்டு எழுதினார்.

ஜன்னலில் புகழ்வேந்தன்.

"சார், அன்னிக்கு உங்களத் திருடன்னு சொன்னது தப்பு. திருடன் இதோ நிக்கறான்."

அவர் சிரிக்கவில்லை. மூன்று அட்டையைத் தள்ளினார். "எண்ணிப் பாத்துக்கமா."

எண்ணவில்லை. அப்படியே பிரிட்டோ கையில் திணித்தேன்.

"ஒம் பேர்ல வாங்குனது. மெஷினுக்காக இல்ல. தெனமும் போடு."