மூன்று வார மன்றாட்டு

பூசை முடிந்து, சனமெல்லாம் கலைந்து கால் மணி நேரம் ஆகியும் கத்தரின் முழந்தாளில்தான் இருந்தாள். அவளைக் கடந்து போனவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். வீட்டு ஜெபக்கூட்டத்து ஜோஆன் தன் மகளிடம் சொல்லிக்கொண்டே போனது அவள் காதில் விழுந்தது.

"பாரு, கத்தரின் ஆன்ட்டி மாதிரி ஜெபம் பண்ணணும். நீ என்னடான்னா ஆமென் சொல்றதுக்குள்ள கார் சாவிய தேடுற."

கத்தரின் ஜெபம் செய்யவில்லை. எழுந்திருக்க முடியாமல் இருந்தாள்.

கால்கள் வலிக்கவில்லை. வலித்திருந்தால் ஒரு கூச்சலாவது போட்டிருப்பாள். வேறு யாருடைய கால்களையோ கொண்டுவந்து அவள் இடுப்புக்குக் கீழே வைத்தது போல் இருந்தது. எழு என்றால் அவை கேட்கவில்லை. முன்பெஞ்சின் விளிம்பைப் பற்றினாள், விரல்கள் வழுக்கின. கூப்பிட்டால் யாராவது ஓடி வருவார்கள்தான். ஆனால் அத்தனை பேரும் பக்தி என்று நினைத்துப் போன பிறகு எந்த வாயால் கூப்பிடுவது? விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்த கோயில்பிள்ளை, அவள் தலைக்கு மேல் சுற்றியதை மட்டும் அணைக்காமல் போனார். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

கடைசியில் பக்கவாட்டில் சரிந்து, பெஞ்சில் முழங்கையை ஊன்றி, மூட்டை ஏற்றுவது போலத் தன்னைத்தானே ஏற்றிக்கொண்டாள்.

தம்போயில் மின்தூக்கி இல்லாத பழைய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி அவளுக்கு. வயது அறுபத்து நாலு. கணவர் போய் ஒன்பது வருடம். ஒரே மகன் பிரையன் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில், மனைவி பிள்ளையோடு இருந்தான். படிகள் நாற்பத்தெட்டு. முன்பெல்லாம் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு ஏறுவாள். இப்போது ஒவ்வொரு வளைவிலும் நின்று, இறங்கி வருகிறவர்கள் பார்த்தால் கைப்பேசியில் ஏதோ தேடுவது போல் பாவனை செய்வாள். அந்தப் படிகள் கைவிட்டுப் போனால் வீடும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். போனால் எங்கே என்றுதான் தெரியாது.

ஏன் இப்படி ஆகிறது? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கேட்காத இடமில்லை. அரசாங்கக் கிளினிக் முகப்பில் என்ன நோவு என்று மலாயில் கேட்பார்கள். பின்னால் ஐம்பது பேர் நிற்கையில் கதையா சொல்ல முடியும்? "லுத்துட்" என்பாள். முழங்கால். உள்ளே டாக்டரும் முழங்காலைத்தான் பார்ப்பார். படம் எடுத்தார்கள்; தேய்மானம், வயசு, எடையைக் குறையுங்கள் என்றார்கள். மாத்திரை தந்தார்கள். கழுத்து நோவுக்குக் கீழ் மாடியில் உருவிவிடுகிற மக்சிக்கிடம், அந்த மலாய்க்கார அம்மாவிடம், போனாள். அவர் எண்ணெய் போட்டுக் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுத்தார். அன்றைக்குச் சுகமாக இருந்தது. மறுநாள் கால் இன்னும் கனத்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? இருபத்தேழு வருடம் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில், மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, மயிரிழை போன்ற கம்பிகளைப் பார்த்தவள். அந்த வரிசையில் உட்கார்ந்த பெண்களில் கழுத்து நோவு இல்லாதவள் யார்? அதை நோயென்று ஒருத்தியும் சொன்னதில்லை. நீலச் சீருடையைப் போல அதுவும் வேலையோடு வந்த ஒன்று.

கை விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சட்டைப் பொத்தான் மாட்ட வரவில்லை என்று ஒரு பெரிய மனுசி எப்படிச் சொல்வாள்?

ஞாயிறுதோறும் பிரையன் அழைப்பான். "எப்படிம்மா இருக்கீங்க?"

"நான் சுகம்பா. பிள்ளை சாப்பிட்டானா?"

அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம். வாரம் ஒரு வீட்டில் எட்டுப் பத்துக் குடும்பங்கள் கூடுவார்கள். தலைவர் மரியநாதன், ஐம்பத்தெட்டு வயதுக்காரர். தம்போய் பட்டறை ஒன்றில் கார்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவர். அங்கே ஒரு சட்டம் உண்டு: ஒருத்தருக்கு வாரம் ஒரு மன்றாட்டுத்தான். முன்பு அப்படி இல்லை. ஒருமுறை ஜோஆன் தன் சொந்தக்காரர் அத்தனை பேரையும் பெயர் சொல்லி, இருபது நிமிடம் மன்றாடி முடிப்பதற்குள் பந்தியில் வைத்திருந்த மீஹூன் சேமியா விறைத்துப் போயிற்று. அதற்குப் பிறகு வந்த சட்டம். மரியநாதன் ஒவ்வொருவர் மன்றாட்டையும் நோட்டில் எழுதிக்கொள்வார். மாதக் கடைசியில் வாசித்து, கடவுள் கேட்டருளினாரா என்று விசாரித்து, கிடைத்ததை அடித்துவிடுவார்.

கத்தரின் சட்டத்தை மீறுகிறவள் அல்ல. முதல் வாரம் காலைச் சொன்னாள். அடுத்த வாரம் கழுத்தை. மூன்றாம் வாரம், வெட்கத்தை விட்டு, கையை.

நான்காம் வெள்ளி ஜோஆன் வீட்டில். கத்தரின் நாற்காலியில் இருந்தாள்; பாய் வேண்டாம், முட்டி சரியில்லை என்று சொல்லியிருந்தாள். மரியநாதன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"ஜோஆன், மகளுக்குக் கார் லைசென்சு."

"கெடச்சிருச்சு, ஸ்தோத்திரம். இனிமே ரோட்டுல போறவங்களுக்குத்தான் ஜெபம் பண்ணணும்."

சிரித்தார்கள். அவர் அதை அடித்தார்.

"கத்தரின் அக்கா. கால் பலம் பெற."

"இல்ல தம்பி. இன்னும்."

"கத்தரின் அக்கா. கழுத்து நோவு, தோள்பட்ட வரைக்கும். கத்தரின் அக்கா, விரல் மரத்துப் போகுது, பொத்தான்…" அவர் நிறுத்தினார். பக்கத்தைப் பின்னால் புரட்டினார். மறுபடி முன்னால். "அக்கா, இது எல்லாம் ஒரே நேரத்துலயா?"

"ஒரு வருசமா. ஏன்?"

"அலமாக். இத நீங்க டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"கால சொன்னேன்."

"கழுத்த?"

"அது எதுக்குப்பா? கோளாறு முட்டியிலதானே."

மரியநாதன் நோட்டை மடியில் கவிழ்த்தார். ஜெபம் இன்னும் தொடங்கவில்லை என்பது அவருக்கு மறந்தே போயிற்று.

"அக்கா, பட்டறைக்கு ஒருத்தன் கார் கொண்டு வருவான். பின் லைட்டு எரியலம்பான். பல்ப்ப மாத்துவோம். எரியாது. மறுபடி மாத்துவோம். எரியாது. அப்புறம்தான் சொல்லுவான், ஹாரனும் விட்டு விட்டு அடிக்குதுன்னு. அட பாவி, அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? கோளாறு பின்னால இல்ல லா. முன்னால, எல்லா வயரும் சேந்து போற எடத்துல நசுங்கியிருக்கும். எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனா கழுத்து வழியாத்தானே எல்லாமே கீழ போகுது?"

கத்தரின் தன் கைகளைப் பார்த்தாள்.

"நாந்தானே ஒண்ணுதான் சொல்லணும்னு சட்டம் போட்டேன்," என்றார் அவர், யாரிடமென்று இல்லாமல்.

ஒரு தாளைக் கிழித்து மூன்றையும் ஒன்றாக எழுதச் சொன்னார். அவள் எழுத்து கோணிக்கொண்டு போனது. அவர் வாங்கித் திருத்தி எழுதப் போனார், பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டார். "அப்படியே குடுங்க. டாக்டர் எழுத்தையும் பாக்கட்டும்."

திங்கட்கிழமை கிளினிக்கில் அவள் வாயைத் திறக்கவில்லை, தாளை நீட்டினாள். டாக்டர் அதைப் படித்துவிட்டு, முழங்காலைப் பார்க்காமல், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார்.

அங்கே டாக்டர் சுபத்திரா. நாற்பதைத் தொட்டிருப்பார், நிதானமான குரல். கத்தரினுடைய வலது கையை ஏந்தி நடுவிரல் நகத்தை மெல்லச் சுண்டினார். கட்டைவிரல் தானாகத் துள்ளி உள்ளே மடங்கியது. கத்தரின் பயந்துவிட்டாள், அவள் மடக்கவில்லை. இடது கையிலும் அப்படியே. கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மூடினாள். தரை படகு போல் அசைந்தது. டாக்டரின் கை முதுகைத் தாங்கிக்கொண்டது. கடைசியாக அவளை யார் இப்படித் தாங்கினார்கள் என்று அந்த நேரத்தில்கூட அவளுக்கு யோசனை ஓடியது.

ஸ்கேனுக்கு ஆறு வாரம் காத்திருந்தாள். படத்தைத் திரையில் காட்டி டாக்டர் சொன்னார்.

"இது உங்கட கழுத்து, ஆன்ட்டி. இந்த வெள்ளை நரம்புத் தண்டு. இங்க பாருங்க, மூண்டு இடத்தில எலும்பும் ஜவ்வும் சேந்து நசுக்குது. மூளை சொல்லுறது காலுக்குப் போய்ச் சேரேல்ல. முழங்கால் ஒரு பிழையும் செய்யேல்ல."

"அப்ப வயசு இல்லியா?"

"வயசும்தான். ஆனா வயசு எண்டு விட்டிட்டு இருக்கிற விசயம் இல்ல. இனிக் கழுத்தை ஒருத்தரும் பிடிச்சுத் திருப்பக் கூடாது. ஆபரேசன் செய்யவேணும். போன பலம் எல்லாம் திரும்பி வரும் எண்டு நான் சொல்ல மாட்டன். இனிப் போகாமல் நிப்பாட்டலாம்."

பயப்பட வேண்டிய இடம்தான். ஆனால் கத்தரினுக்கு ஓர் ஆண்டுக்குப் பிறகு மூச்சு முழுதாக இறங்கியது. கேள்விக்குப் பதில் இருந்தது. அந்தத் திரையில், விரல் அகலத்தில், வெள்ளைக் கோட்டில் மூன்று பள்ளங்களாக.

"செய்யலாம் டாக்டர்," என்றாள்.

"நல்லது. வாற மாசம் பன்ரெண்டாம் திகதி செய்வம். பிறகு ஆறு வாரம் தனிய இருக்கக் கூடாது. கழுத்துக்குப் பட்டை, படி ஏற ஆள் வேணும். வீட்டில ஆர் இருக்கினம்?"

இந்தக் கேள்விக்கு எந்தப் படத்திலும் பதில் இல்லை. நாளைக்குள் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள்.

வெளியே நடைக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. அன்று புதன்கிழமை, மகன் அழைக்கிற நாள் இல்லை. அவளே அழைத்தாள்.

"என்னம்மா, இந்த நேரத்துல?"

நான் சுகம்பா என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னாள். கோயிலில் எழ முடியாமல் போனதிலிருந்து, பொத்தான், படி, மக்சிக், ஸ்கேன், மூன்று பள்ளம் வரை, ஒன்று விடாமல். இவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசி வருடங்கள் ஆகின.

"ஏம்மா இத்தன நாளா சொல்லல?"

"சொல்லலப்பா. தப்புத்தான்."

"எப்ப ஆபரேசன்?"

"அடுத்த மாசம் பன்னெண்டு. ஆறு வாரம் ஆள் வேணுமாம்."

"ஓகே… நான் பாக்கறேன்மா."

பாக்கறேன் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். பாலத்துக்கு இந்தக் கரையில் ஒன்பது வருடமாக அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இருந்தவள் அவள்.

"பாக்காத பிரையன். வருவியா மாட்டியான்னு சொல்லு. மாட்டேன்னாலும் கோவமில்ல. நான் வேற ஆளக் கேக்கணும்ல?"

பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்டு அவள் பேச்சை மாற்றவில்லை.

"ஆறு வாரம் லீவு தரமாட்டாங்கம்மா. ரெண்டு வாரம் வரேன். நெசமா வரேன்."

"ரெண்டு வாரம்." அவள் விரலை மடக்கப் பார்த்தாள், மடங்கவில்லை. "சரிப்பா. வா."

மிச்ச நான்கு வாரத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள், கைப்பேசியைத் தொடையில் வைத்து, ஜோஆனின் பெயரைத் தேடினாள். விரல் இரண்டு முறை வேறு பெயர்களில் போய் விழுந்தது. மூன்றாம் முறை சரியாகப் பட்டது.

"என்னா ஆன்ட்டி, அதிசயமா இருக்கு?" என்றாள் ஜோஆன்.

"ஒண்ணு கேக்கணும்மா," என்றாள் கத்தரின். "கொஞ்சம் பெருசு. உக்காந்திருக்கியா?"