மூன்றாவது கூப்பாடு

தை பிறந்து நெடுங்கரைக் குளம் நிறைந்து கிடந்தால் சாத்தான்குளம் பக்கத்துச் சபையாருக்கு வீட்டில் கால் தரிக்காது. வாலிபர் சங்கத்து உல்லாசப் பயணம் என்று பேர். தலை நரைத்த வாலிபர்களும் அதில் உண்டு. கட்டுச்சோற்று மூட்டை, ஞானப்பாட்டுப் புத்தகம், தூண்டில் எல்லாவற்றோடும் வாடகை வேனில் ஏறிவிடுவார்கள். குளம் தளும்பி மறுகாலில் விழுகிற தண்ணீருக்குத் தலையைக் கொடுக்க வேண்டும். கரைமேல் நடந்து நாரையும் முக்குளிப்பானும் பார்க்க வேண்டும். மதியம் புளிச்சோற்றை ஒரு பிடி பிடிக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானலைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு ஆண்டவர் பனங்காட்டுக்கு நடுவில் கொடுத்த இடம் அது.

எழுபத்தாறில் எங்கே போவது என்ற பேச்சு வந்தபோது, உபதேசியார் ஜேசுபாதம் மணப்பாட்டுக் கடற்கரை என்றார். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும், தலையாட்டினார்கள். பின் பெஞ்சிலிருந்து ஜெபசெல்வி டீச்சர் எழுந்தாள்.

"குளத்துக்கே போவோம்."

போன தையில் அந்தக் குளத்தில்தான் அவள் புருஷன் கிருபாநிதி செத்துப்போனான்.

"டீச்சர், யோசிச்சுத்தான் சொல்லுதியளா?"

"ஒரு வருசமா யோசிச்சுட்டுத்தான் சொல்லுதேன்."

கிருபாநிதிக்குத் தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. கடலில் நீந்தி வளர்ந்தவன், குளத்தை மதிப்பானா? போன வருஷம் வேனை விட்டு இறங்கியதும் மேல்சட்டையைக் கழற்றிவிட்டான். தாமரை இலை அறுத்துக் கட்டிக்கொண்டிருந்த சுடலைமாடத்தி அவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள்.

"உச்சி நேரத்துல இந்தக் கொளம் பேரு சொல்லிக் கூப்பிடும். ஏன்னு கேட்டுராதிய. ரெண்டு தடவைக்கு மேல அதால கூப்பிட முடியாது. மூணாவது கூப்பிட்டா அது மனுசன். அப்பம் ஏன்னு கேளுங்க."

ஜெபசெல்வி சயின்ஸ் டீச்சர். பிள்ளைகளுக்கு எதிரொலி நடத்துகிறவள். சிரித்துவிட்டாள். கிருபாநிதி அவளுக்கு மேல் சிரித்தான்.

"ஏளா ஜெபா, மத்தியானம் ஒன்னைய ரெண்டு தடவை கூப்பிட்டுட்டு நிறுத்திருதேன். நீ பயப்படுதியா இல்லியான்னு பாப்போம்."

ஜெபா என்று அவளை அவன் ஒருவன்தான் கூப்பிடுவான். ஊருக்கெல்லாம் அவள் செல்வி, இல்லாவிட்டால் டீச்சர்.

உச்சிப்பொழுதில் கரைக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில் அவள் சோற்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஜெபா!"

ஆரம்பித்துவிட்டார் என்று உதட்டைக் கடித்துச் சிரித்தாள்.

"ஜெபா!"

இந்தத் தடவை குரலில் விளையாட்டு இல்லை. அவளுக்கு மேல் சிலிர்த்தது. காலையில் சிரித்த சயின்ஸ் டீச்சர் எங்கே ஓடிப்போனாளோ! மூணாவது கூப்பிடட்டும், மூணாவது கூப்பிடட்டும் என்று வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வரவே இல்லை.

தாமரைக் கொடியில் கால் சிக்கிக் கிடந்தவனைப் பொழுது சாயத்தான் தூக்க முடிந்தது. அவளுக்கும் நீச்சல் தெரியும். கமலைக் கிணற்றில் மேலேயிருந்து குதித்துப் பழகின கழுதை. கரையில் ஏறி எட்டிப் பார்த்திருந்தால் போதும். பாவி, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

அடக்கத்துக்கு வந்திருந்த சுடலைமாடத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கூப்பிட்டது கொளம்தான் டீச்சரம்மா. அந்தய்யா குரல்லயே கூப்பிட்டிருக்கு. நீங்க ஏன்னு கேட்டிருந்தா ஒங்களையும் கொண்டு போயிருக்கும்."

பேயாவது பிசாசாவது என்று பேசுகிற சபையாரும் அன்றைக்கு மறுத்துப் பேசவில்லை. ஜெபசெல்வியும் மறுக்கவில்லை. எந்தப் பேயையும் நம்பாதவள் அந்த ஒரு பேயை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் உயிர் வாழ்ந்தாள். கூப்பிட்டது குளம் என்றால் அவள்மேல் பழி இல்லை. கூப்பிட்டது அவன் என்றால்? மத்தியானச் சோற்றுக்கு ஸ்கூல் மணி அடிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு கூப்பாடும் காதில் விழுந்தன. சோறு இறங்கவில்லை. எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

அதனால்தான் குளத்துக்கே போவோம் என்றாள். உச்சியில் அது இன்றைக்கும் கூப்பிட வேண்டும். அவன் குரலிலேயே இரண்டு தடவை கூப்பிட்டு நிறுத்த வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் போன வருஷம் கூப்பிட்டதும் அதுதான். அதைக் காதால் கேட்டுவிட்டால் அவளுக்குச் சோறு இறங்கும், தூக்கம் வரும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வேன் வந்து நின்றது. குளம் கரை முட்டக் கிடந்தது. தண்ணீருக்குள் இடுப்பளவு முங்கி நின்ற கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அழகைப் பார்த்து ஜெபசெல்விக்கு வயிறெரிந்தது. பையன்கள் மறுகாலில் கும்மாளம் போட்டார்கள். காலேஜில் படிக்கிற பிளாரன்ஸ் கரை நெடுக ஓடி, தாமரை பூத்திருக்கிற இடத்தையெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டாள்.

உச்சிக்குப் புளியமரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். சுடலைமாடத்தி கொண்டுவந்த தாமரை இலைகளில் சோறு வைத்தாயிற்று. உபதேசியார் எழுந்து கண்ணை மூடினார். அவர் ஜெபம் ஆதாமில் தொடங்கி அன்றைக்குக் காலையில் வேன் பஞ்சரானது வரைக்கும் வரும். எல்லாரும் கண்ணை மூடித் தலை குனிந்திருந்தார்கள். ஜெபசெல்வி காதை மட்டும் திறந்து வைத்திருந்தாள். காற்று விழுந்துவிட்டது. மறுகால் சத்தம்கூட எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது.

"ஜெபா!"

அவன் குரல். கரைக்கு அந்தப் பக்கமிருந்து. ஈரமான குரல்.

பேசாமல் இருக்க வேண்டும், இரண்டாவதையும் எண்ண வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். ஒரு வருஷமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்த வார்த்தை அவளைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

"ஏன்? என்னங்க, ஏன்?"

ஜெபம் நின்றது. கண்ணைத் திறந்தவர்கள் பார்க்கும்போது அவள் கரைமேல் ஏறிக்கொண்டிருந்தாள். "டீச்சரம்மா, போகாதிய!" என்று சுடலைமாடத்தி சேலையைப் பிடித்தாள். உதறிவிட்டு மேலே ஏறிப் பார்த்தாள். குளத்தில் யாரும் இல்லை. தாமரைக்கு நடுவில் ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு சிவப்பு ரிப்பன் மிதந்தது.

குதித்தாள். உள்ளே கொடிகளுக்குள் துழாவினாள். கையில் தலைமுடி அகப்பட்டது. காலைச் சுற்றியிருந்த கொடியைப் பிய்த்து எறிந்து, பிளாரன்ஸைத் தரதரவென்று கரைக்கு இழுத்து வந்துவிட்டாள். ஜெபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடின நேரம் பார்த்துப் பூப்பறிக்க நழுவியிருக்கிறது அந்தப் பெண். குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள். தண்ணீரைக் கக்கிவிட்டு அழத் தொடங்கினாள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று உபதேசியார் அங்கேயே முழங்காலில் விழுந்தார்.

"நல்லவேளைக்குக் கூப்பிட்டே, மக்கா," என்றார் எழுந்து.

பிளாரன்ஸ் தலையை ஆட்டினாள். "நான் கூப்பிடலியே. கால் வச்சதுமே உள்ள போயிட்டேன். வாயத் தொறக்க முடியலியே."

"ஜெபான்னு கூப்பிட்டியே?" என்றாள் ஜெபசெல்வி.

"ஜெபாவா? அது யாரு டீச்சர்?"

வேறு யாருக்கும் எந்தக் குரலும் கேட்டிருக்கவில்லை. பிளாரன்ஸைத் துணியால் போர்த்தி வேனுக்குக் கூட்டிப் போனார்கள். ஜெபசெல்வி நனைந்த சேலையோடு கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். எல்லாரும் கூப்பிட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. இரண்டாவது கூப்பாட்டுக்காகக் காத்திருந்தாள். உச்சி கழிந்தது. புளியமர நிழல் கிழக்கே சாய்ந்து நீண்டது. குளம் வாயைத் திறக்கவில்லை.

சுடலைமாடத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எத்தன தடவை கூப்பிட்டுச்சு டீச்சரம்மா?"

"ஒரு தடவை."

"ஒண்ணுதானா? அது ரெண்டு தடவையில்லா கூப்பிடும்..." என்று தொடங்கியவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். போன வருஷத்துக் கணக்கு அவளுக்கும் நினைவு வந்துவிட்டது. மடியில் கிடந்த கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெபசெல்வி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருசம் ரெண்டு. இன்னைக்கு ஒண்ணு," என்றாள். "மூணாவது கூப்பிட்டா மனுசன்னு நீதான சொன்ன."