எந்தத் தட்டு

...கண்ணீர் வந்துவிட்டதாம் ஒருத்தனுக்கு, அதுவும் விளக்குக் காட்சியில், அழுகிற மூஞ்சி மூன்றைப் பக்கத்தில் போட்டு எழுதியிருக்கிறான், அந்தக் கறுப்பு அம்மாவின் விசுவாசத்துக்கு முன்னால் நாயகியின் காதல்கூடத் தோற்றுவிட்டது என்று. தோற்றுவிட்டதாம். கோகுல்ராஜ் கட்டைவிரலால் பேஸ்புக்கை மேலே தள்ளினான், அடுத்தவன் வந்தான், அவனுக்கு அடுத்தவள் வந்தாள், எல்லோரும் விடிந்ததும் பல்லைக்கூட விளக்காமல் பழைய ஹாலிவுட் படத்துக்குக் கருத்துச் சொல்ல உட்கார்ந்துவிட்டார்கள், பின்னணி இசை அபாரம், நாயகியின் கண்கள், அந்தக் காலத்துக் காதலில் ஒரு கண்ணியம் இருந்தது, அரசியல் பேசாமல் படத்தை ரசியுங்கள் நண்பர்களே... ரசிக்கிறேன், ரசிக்கிறேன், பீங்கான் கம்பெனிச் சூளையில் ராத்திரி முழுக்க வெந்துவிட்டு வந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு ரசிக்கிறேன். தூக்கம் வரவில்லை. வெயில் இப்போதே கூரையில் ஏறிவிட்டது, ஜங்ஷன் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி நகராமல் ஊதிக்கொண்டே இருக்கிறது, காதுக்குள் பீங்கான் மாவு, மூக்குக்குள் பீங்கான் மாவு, எதிர்ச் சுவரோரம் அம்மாவின் பை. அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் போனைப் பார்க்கிறான். நீலப் பை, ஜிப் பிய்ந்து ஊக்கு குத்தியது, வெள்ளிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு அம்மா சென்னைக்கு ரயில் ஏறுகிறாள், முதலாளி மகளின் வீட்டில் தங்கிக் குழந்தை பார்க்க. பாப்பா கூப்பிடுது, போயிட்டு வரேன். அவ்வளவுதான் சொன்னாள், கடைக்குப் போய்ப் புளி வாங்கி வருகிற மாதிரி.

படத்தை அவன் சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தான், வண்டி வண்டியாக வெள்ளைப் பொம்மைகள் உள்ளே போய் வெளியே வருகிற இடைவெளிகளில், துண்டு துண்டாக. கூட வேலை பார்க்கிற பச்சமுத்து எட்டிப் பார்த்துவிட்டு, என்னா மாப்ள, வெள்ளக்காரி கவுன்ல பாதி ஊரு துணி இருக்கும் போலருக்குது, நம்ம ஊர்ல எடுத்திருந்தா தறிக்காரன் பொழச்சிருப்பான் என்று சிரித்தான். கறுப்பு வெள்ளை, பருத்திக் காடு, பண்ணைக்காரன் மகள், அவளுக்கு ஒரு படகுக்காரன் மேல் காதல், பண்ணையில் முந்நூறு அடிமைகள். அந்த முந்நூறு பேருக்கும் மூஞ்சி கிடையாது, தூரத்தில் குனிந்து குனிந்து பஞ்சு பறிக்கிறார்கள், பாடுகிறார்கள், குனிந்துகொண்டு பாட முடியுமா, இவன் மண் மூட்டை தூக்குகிறானே, ஒரு நாளாவது பாட்டு வந்ததா... ஒருத்திக்கு மட்டும்தான் மூஞ்சி கொடுத்திருக்கிறார்கள், நாயகியைத் தூக்கி வளர்த்த பெரிய உடம்புக்காரி. உள்நாட்டுச் சண்டை முடிந்து அடிமைகள் எல்லோருக்கும் விடுதலை என்று அறிவிக்கிறார்கள், எல்லோரும் மூட்டையோடு கிளம்புகிறார்கள், அவள் மட்டும் போகவில்லை. வாசலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், படகுக்காரனைப் பார்க்கப் போன சின்ன எஜமானியம்மா திரும்பி வருகிற வரைக்கும். நீங்கள் இருக்கிற இடம்தான் எனக்கு வீடு என்று கீழே தமிழில் எழுத்து ஓடியது. அந்த இடத்தில் அவன் போனை அணைத்தான், ஏன் என்று பச்சமுத்து கேட்டதற்கு அனல் என்றான். அந்த விளக்குக் காட்சிக்குத்தான் இப்போது ஊரே அழுகிறது. நடுவில் ஒரு பேராசிரியர் வேறு, படத்தைக் கண்டித்துப் பெரிய பத்தியாக எழுதியிருக்கிறார், கதையாடல், அதிகாரம், பிரதி, இந்த வார்த்தைகளைக் கேட்டுத்தான் இரண்டாம் வருஷத்தோடு காலேஜை விட்டு வந்தான், திட்டுகிறவன்கூட இப்படி வெள்ளைச் சட்டை கசங்காமல் திட்டுகிறான். அதற்குக் கீழே ஒருத்தி, இப்பல்லாம் அந்த மாதிரி விசுவாசமான ஆள் எங்கே கிடைக்கிறாங்க, சொல்லாமல் கொள்ளாமல் நின்னுடறாங்க. நூறு பேர் அதற்குத் தலையாட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் அந்தப் பெயர். சுபாஷினி. முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தான், பெயருக்குப் பக்கத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான், அதே பல்வரிசை, முதலாளி மகள்தான். 'விளக்குக் காட்சி பார்க்கும்போது எங்கள் அமிர்தம் அக்கா ஞாபகம். ஸ்கூல் வேன் லேட்டானால் கேட்டில் நிற்பார். வேலைக்காரி இல்லை, எங்கள் வீட்டில் ஒருத்தி. இப்போது என் பையனையும் வளர்க்க வருகிறார். லக்கி மீ.' வருகிறாராம். கேட்டில் நின்றாளாம் அம்மா. நின்றாளே, அப்போது இவன் எங்கே நின்றான், முனிசிபல் பள்ளிக்கூடத்துக் கேட்டில் இவனுக்காக யார் நின்றார்கள், சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு தனியாகத் தண்டவாளம் தாண்டி வருவான், வீட்டில் பூட்டு தொங்கும். அம்மாவும் முதலில் இதே கம்பெனியில்தான் இருந்தாள், கப்புக்குக் காது ஒட்டுவாள், கை சுத்தமாக இருக்கிறது என்று முதலாளி வீட்டம்மா பார்த்துச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனாள், அன்றிலிருந்து அங்கேதான். எங்கள் வீட்டில் ஒருத்தி... அந்த வீட்டுப் பின்கட்டு ஜன்னலில் ஒரு தட்டு கவிழ்ந்திருக்கும், இவன் பார்த்திருக்கிறான், ஓரத்தில் கிளேஸ் பூச்சுப் பளபளப்பு பிடிக்காமல் பொக்கு விட்டு, கம்பெனியில் கழித்துப் போட்ட தட்டு, அதில் அம்மாவைத் தவிர வேறு யாரும் சாப்பிட மாட்டார்கள். இதுவரைக்கும் அவன் எங்கேயும் ஒரு வரி எழுதியதில்லை, படிப்பான், மனசுக்குள் அறைவான், தள்ளிவிடுவான். இன்றைக்கு எழுதினான், சரசரவென்று, விரல் தானாகப் போனது. 'உங்கள் வீட்டில் ஒருத்தி என்றால் உங்கள் மேஜையில் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எந்தத் தட்டில் சாப்பிடுவார்? பின் ஜன்னலில் கவிழ்த்து வைத்த கழிவுத் தட்டு யாருடையது? அடிமையிடமும் இதையேதான் சொன்னார்கள், நீ எங்கள் வீட்டில் ஒருத்தி என்று.' அனுப்பிவிட்டுப் போனை நெஞ்சின் மேல் கவிழ்த்தான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், உடம்பு லேசாக இருந்தது, கூட்ஸ் வண்டியும் நகர்ந்துவிட்டது.

நெஞ்சின் மேல் அது துடித்தது. மறுபடியும். மறுபடியும். எடுத்துப் பார்த்தான். கீழே பதில்கள் குவிந்திருந்தன, அம்மா, சரியான அடி... இவங்கதானா அந்த அமிர்தம் அக்கா... அம்மா உங்கள் காலில் விழுகிறேன்... அக்கா, குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே இப்படிக் கேட்டீர்களே... எந்த அம்மா, யாரைச் சொல்கிறார்கள், கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலே பார்த்தான், அவன் எழுதினதற்குப் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் அம்மா இருந்தாள். சுபாஷினியின் குழந்தை வட்டத்தை அடைத்துக்கொண்டிருக்க, ஓரத்தில் அம்மாவின் பாதி மூஞ்சி, சிரிக்கிற பாதி. அமிர்தம் என்று பெயர். புரிந்தது. இந்தப் போனே சுபாஷினி கொடுத்ததுதான், புதுசு வாங்கினதும் பழசை அம்மாவுக்குக் கொடுத்தாள், குழந்தை படமெல்லாம் இதிலே வரும்கா என்று அவளே கணக்குத் திறந்து கொடுத்தாள், அம்மாவுக்கு அது ஒத்துவரவில்லை, பட்டன் போனே போதும் என்று இவனிடம் தள்ளிவிட்டாள், இவனும் படம் பார்க்கிறதோடு சரி, பெயரை மாற்ற வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அம்மாவின் போன், அம்மாவின் பெயர், அம்மாவின் மூஞ்சி, இவனுடைய கோபம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இந்த நேரத்துக்கு வர மாட்டாளே.

"டேய், எழுந்திரு."

"தூங்கல."

"அதான் தெரியுதே. என்னா எழுதுன, பேஸ்புக்குல?" அம்மா உள்ளே வந்து கதவில் சாய்ந்து நின்றாள், முந்தானையில் மஞ்சள் கறை, பாதி வேலையில் வந்திருக்கிறாள். "பாப்பா போன் பண்ணி அழுவுது. என் மேல இவ்ளோ கோவம் வெச்சிருந்தியாக்கான்னு கேக்குது. நான் என்னாத்தக் கண்டேன்? அடுப்புல பால வெச்சிட்டுப் பேயி மாதிரி நிக்கிறேன்."

"அழட்டும். நெசத்தத்தான் எழுதுனேன்."

"அழுதா அழட்டும், அதுக்கு நான் வரல. நெசம்னா உன் மூஞ்சிய வெச்சி எழுது. என் மூஞ்சிய எதுக்கு வெச்ச?"

தெரியாமல் நடந்தது என்று சொல்லியிருக்கலாம், அதைச் சொல்லாமல், "அடிமையா இருக்காதன்னு சொல்றேம்மா. அவங்க ஒரு வார்த்த கூப்பிட்டா, இங்க ஒருத்தன் இருக்கானேன்னு இல்லாம பையத் தூக்கிக்கினு..."

"யாரு கூப்பிட்டாங்க?"

"அந்தப் பொண்ணு."

"நான்தான் கேட்டேன். என்னையக் கூட்டிக்கினு போ பாப்பான்னு. அதுவே ஒரு வாரம் யோசிச்சிதான் சரின்னுச்சு. இப்ப நீ பண்ணி வெச்ச கூத்துக்கு வேணாங்கா, நீ அங்கயே இருன்னுடுச்சுன்னா?" குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அங்க எனக்குன்னு ஒரு ரூம்பு தராங்க. துணி காயப்போட்ற எடத்த ஒட்டி, சின்னதுதான். கதவு இருக்குது. உள்ளாற தாப்பா இருக்குது."

"அங்கயும் அதே எச்சித் தட்டுதான கழுவப் போற?"

"எங்க போனாலும் கழுவதான போறேன்."

"இங்க என்னா கொறச்சல் உனக்கு?"

அம்மா அவன் கழற்றிப் போட்டிருந்த சூளைச் சட்டையைத் தரையிலிருந்து எடுத்தாள், உதறினாள், பழக்கத்தில் எடுத்துவிட்டதைப் போல அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் தரையிலேயே போட்டாள்.

"பெரிய கேள்வியா கேட்டியாமே, எந்தத் தட்டுல துன்றேன்னு. நல்லாத்தான் கேட்டிருக்கிற. நம்ம வூட்ல நான் எந்தத் தட்டுல துன்றேன், அதச் சொல்லு."

"அந்த... பூப்போட்ட தட்டு."

"அது போன ஆடியிலயே ஒடஞ்சிபோச்சி." செருப்பை மாட்டினாள். "எழுதுனத அழிச்சிடு. வெள்ளிக்கெழம ஸ்டேஷனுக்கு நீ வர வேணாம், நானே ஆட்டோ புடிச்சிக்கிறேன்."

செருப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. உடைந்துபோச்சா, எப்போது, யார் உடைத்தது, அப்புறம் எதில் சாப்பிட்டாள், இவன் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனான், சண்டைக்குப் போகிற மாதிரி போனான். அலமாரியில் இவனுடைய பெரிய தட்டு, கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தது, அதற்குப் பின்னால் யாராவது வந்தால் கொடுக்கிற தட்டு இரண்டு, எல்லாமே கழிவுதான், இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் கம்பெனி கழித்துப் போட்டதில்தான் சாப்பிடுகிறார்கள், ஆனால் நான்காவது தட்டு எங்கே... சாமான்களை நகர்த்தினான், ஒரு மூடி விழுந்து உருண்டது. அடுப்பின் மேல் சோற்றுக் குண்டான். மூடியைத் திறந்தான். இவனுக்கு மேலாக எடுத்து வைத்தது போக, அடியில் கொஞ்சம் சோறு, ஓரத்தில் குழம்பு விட்டுப் பிசைந்து வழித்த தடம், நான்கு விரல் அகலத்துக்கு. குண்டானிலேயே சாப்பிட்டிருக்கிறாள். இல்லை, இது வேறு, அது வேறு, விளக்கோடு நின்றவளை வாங்கினார்கள், விற்றார்கள், விடுதலை என்று சொன்ன அன்றைக்கும் அவளுக்குப் போவதற்கு வேறு வீடு இல்லை, அதனால் நின்றாள். அம்மாவுக்கு வீடு இருக்கிறதே. இருக்கிறதா. பாயின் மேல் போன் துடித்தது, மறுபடியும் துடித்தது, யாரோ அம்மாவை வாழ்த்துகிறார்கள், அழிக்க வேண்டும், அழித்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மிச்சம் இருப்பதெல்லாம் கண்ணீரும் பின்னணி இசையும்தான், அழிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை ரயில் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, அம்மா இங்கேயே இருப்பாள்... இங்கேயே இருப்பாள் என்றதும் நெஞ்சுக்குள் சட்டென்று ஒரு நிம்மதி வந்ததை அவன் கவனித்துவிட்டான். குண்டானின் மூடி இன்னும் கையில் இருந்தது.