இன்னைக்கு என்ன ஆணம்?

அன்று அஜ்மானில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: மீராசாவாகிய நான், என் மனைவி ரஹீமா பீவி, என் மகள் இன்ஷா, என் தம்பி சாகிர், வானொலி மேலாளர் கோபாலசாமி. அவருடைய டிரைவர் கீழே வண்டியிலேயே இருந்தான். அந்தப் பேச்சில் தாங்களும் இருந்ததாகத் துபாய் கராமா ஓட்டல்களில் சொல்லித் திரிகிறவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

நாங்கள் கீழக்கரைக்காரர்கள். கராமாவில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். என் வாப்பா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தின் பெயர் எந்தச் சபையிலும் இழுபட்டதில்லை. இன்ஷா வானொலியில் பேசப் போவதாகச் சொன்னபோது அதனால்தான் ஒரு நிபந்தனை வைத்தேன். யார் அழைத்தாலும், நம் வீட்டு வாசலுக்கு வந்தவரிடம் பேசுவதுபோலப் பேச வேண்டும். அவள் அப்படித்தான் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அவளுடைய நிகழ்ச்சி. விடுமுறை நாள் என்பதால் தொழிலாளர் கேம்ப்புகளில் எல்லோரும் சமைத்துக்கொண்டிருப்பார்கள். அழைப்பவர்களிடம் அவள் முதலில் கேட்பது, "இன்னைக்கு என்ன ஆணம்?" என்பதுதான். எங்கள் ஊரில் குழம்பை ஆணம் என்போம். ஆரம்பத்தில் அதைக் கேட்டுச் சிரித்தவர்களும் பிறகு ஆணம் என்றே சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கேம்ப் அறை வாரம் தவறாமல் அழைக்கும். எல்லோரும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்கள். அறை முழுவதற்கும் ஒரே மெஸ், ஒரே சட்டி. மூத்தவர் அழகுமலைதான் சமையல். போனை ஸ்பீக்கரில் போட்டு, கையிலிருந்து கைக்கு மாற்றி எல்லோரும் பேசுவார்கள்.

"அண்ணே, இன்னைக்கு என்ன ஆணம்?"

"சாளை மீனு தங்கச்சி. உப்பப் போடச் சொன்னது பாண்டித்துரைய. அந்த மீனு கடல்ல கெடந்தப்பகூட இம்புட்டு உப்பக் கண்டிருக்காது."

இதை ஊரில் அவர்கள் வீட்டுக்காரர்களும் போனில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கமுதிப் பக்கத்திலிருந்து வீரம்மாள் என்ற அம்மாள் ஒருமுறை தானே அழைத்துச் சொன்னாள்: "எம் மகன் மணிகண்டன் எனக்குப் போன் போட்டா நல்லாருக்கேன்னு சொல்லி வச்சுருவான். ஒங்கிட்டத்தான் தாயி பேசுறான். அதான் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்."

அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேசத்தான் கோபாலசாமி வந்திருந்தார்.

"ஹாஜியார், இனிமே ரேடியோன்னா அரசியல்தான். ஊர்ல எலெக்‌ஷன் வருது. கொழம்பு விசாரிக்கிறதுக்கு எந்தக் கம்பெனி விளம்பரம் குடுப்பான்?"

"மசாலாக் கம்பெனி குடுப்பான்," என்றான் சாகிர்.

"சிரிங்க பாய். அவனே போன மாசம் கழண்டுக்கிட்டான். ஜனங்க போன்ல விவாதம்தான் பாக்குறாங்க. இந்த நாட்டைப் பத்தி ஒரு வார்த்தை வேணாம். நம்ம ஊர்க் கட்சிங்க மட்டும். எதிரும் புதிருமா ரெண்டு பேரை லைன்ல விட்டுட்டு இன்ஷா நடுவுல இருந்தாப் போதும்."

"முடியாதுன்னா?" என்று கேட்டாள் இன்ஷா.

"அந்த நேரத்தைப் பாட்டுக்குக் குடுத்துருவேம்மா. வேற வழியில்ல."

"எம் மவ சண்டைக்கு நடுவுல நிக்க மாட்டா," என்றேன்.

இன்ஷா என்னைப் பார்த்தாள். "பாட்டுப் போட்டா அந்த ரூம்ல யாரு பேசுவா வாப்பா? நான் டிரை பண்றேன். முதல்ல ஆணம் கேப்பேன். அப்புறம்தான் கட்சி. அதுக்கு சார் ஓகேன்னா சரி."

"புள்ள கேக்குறது ஞாயந்தானே?" என்றாள் ரஹீமா பீவி.

நான் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நான் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பொருள்.

முதல் சில வாரங்கள் பாதகமில்லாமல் போயின. பிறகு ஒரு ஞாயிறு, நான் கடையில் இருந்தேன். அரிசி மூட்டைகளுக்கு மேலே எங்கள் வானொலி பாடிக்கொண்டிருக்கும். அந்த அறையிலிருந்து அழைப்பு வந்தது. ஆணம் விசாரித்து முடிந்தது. பிறகு கட்சி. தன் தலைவர் வந்தால்தான் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் என்றான் மணிகண்டன். பாண்டித்துரை வேறு கட்சி.

"ஆமா, வந்து கிழிச்சாரு. போன தடவ வந்தப்ப ஒங்க கண்மாய்ல கருவேலந்தான மொளச்சுச்சு?"

"ஒங்க ஆளு மட்டும் என்னத்தப் புடுங்குனாரு?"

"அண்ணே, மெதுவா, ஒருத்தர் ஒருத்தரா," என்றாள் இன்ஷா.

"நீ சும்மா இரு தங்கச்சி. இவன் அப்பன் பிரியாணிப் பொட்டலத்துக்குக் கொடி புடிச்சுப் போயி, லாரியிலருந்து விழுந்து செத்த ஆளு. இவன் பேச வந்துட்டான் கட்சி!" என்றான் பாண்டித்துரை.

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஒரு தட்டு விழுந்து உருளும் சத்தம் கேட்டது. ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற கோபாலசாமி இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று கையைக் காட்டியிருக்கிறார். இன்ஷாவே துண்டித்தாள். ஆனால் சொல் போய்விட்டது.

அது அந்த அறைக்குள் நாள்தோறும் புழங்கிய கேலி என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கேம்ப்பில் ஒரே சட்டியில் உண்பவர்கள் ஒருவன் அப்பனை ஒருவன் கேலி செய்வதும், மணிகண்டன் அதற்குப் பாண்டித்துரையின் மாமனாரை இழுப்பதும் அங்கே வழக்கம். கையில் இருந்த போனுக்கு அந்தப் பக்கம் ஊரே உட்கார்ந்திருப்பதைப் பாண்டித்துரை மறந்துவிட்டான். வீரம்மாளும் கேட்டாள்.

"அந்தச் சண்டைக் கிளிப் எல்லார் போன்லயும் பிச்சுக்கிட்டுப் போகுது," என்று கோபாலசாமி இன்ஷாவிடம் சொன்னாராம். "அடுத்த வாரமும் அதே ரூம். விட்ட எடத்துலருந்து ஆரம்பி."

அடுத்த ஞாயிறு நான் கடையை சாகிரிடம் விட்டுவிட்டு வண்டியில் உட்கார்ந்து கேட்டேன். அவள் எப்போதும்போலத் தொடங்கினாள்.

"அழகுமலை அண்ணே, இன்னைக்கு என்ன ஆணம்?"



"எந்த அடுப்பக் கேக்குற தங்கச்சி?"

"என்னண்ணே?"

"ரெண்டு அடுப்பாயிருச்சுல்ல. பாதிப் பேரு என் சட்டியில. மணி பக்கம் மூணு பேரு தனியா வச்சுக்கிட்டாய்ங்க."

"ரெண்டையும் சொல்லுங்கண்ணே."

"இங்கிட்டுப் பருப்பு. அங்கிட்டு முட்டை அவியுது."

"மணி அண்ணன்கிட்ட போனைக் குடுங்க."

"அவன் வெளிய போயி நிக்கிறான்மா."

வானொலியில் வெறும் இரைச்சல் வந்தது. பிறகு ஒரு பாட்டு. இன்ஷா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். லிஃப்ட் வரை பின்னால் வந்த கோபாலசாமியிடம், "அடுத்த வாரத்துலருந்து நான் வரல சார்," என்றாள். யோசித்துச் சொல் என்றாராம். "யோசிச்சுட்டேன் சார்."

   வீட்டில் ரஹீமா பீவி மூன்று முறை அவளுக்குச் சோறு போட்டு, தொடாத சோற்றை எடுத்து வைத்தாள்.

"அந்த ரூமுக்குப் போவணும். கிளம்பு," என்று இன்ஷாவிடம் சொன்னேன்.

ரஹீமா பீவி ஒரு பெரிய சட்டி நிறைய நெய்ச்சோறு ஆக்கினாள். ஆட்டுக்கறி ஆணமும். "ஒரே சட்டியா இருக்கட்டும். எல்லாரும் அதுலேயே தின்னட்டும்," என்று சொல்லித்தான் வண்டியில் ஏற்றினாள்.

அறையில் கட்டிலுக்கு மேல் கட்டில். துணிகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனோம். இன்ஷா தன் பெயரைச் சொன்னதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் குரலைத்தான் அவர்களுக்குத் தெரியும். மணிகண்டன் ஒல்லியான பையன். சட்டையை அவசரமாக மாட்டிக்கொண்டு வந்தான்.

நான் யாருக்கும் போய்ச் சமாதானம் சொல்லிப் பழக்கமில்லாதவன். அன்று நின்றபடியே சொன்னேன்.

"தம்பி, எம் மவ இருந்த சபையில உன் தகப்பனைப் பேசிட்டாங்க. பேசினது யாரா வேணா இருக்கட்டும். சபை எங்களுது. அதுக்காக வந்திருக்கேன்."

"நீங்க பெரியவுக. நீங்க எதுக்கு பாய்..." என்றான். கதவருகே நின்ற பாண்டித்துரை, "வெளயாட்டாத்தான் பாய் சொன்னேன். டெய்லி சொல்றதுதான். சத்தியமா," என்றான். மணிகண்டன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு என்னிடம் மெல்லக் கேட்டான். "எங்கம்மாகிட்டச் சொல்றீகளா பாய்? எம் போன எடுக்க மாட்டேங்குது. ஊரு கேக்க அப்பனப் பேச விட்டுட்டு நின்னியேடான்னு கேட்டுச்சு. அதோட சரி."

என் போனிலிருந்து அழைத்தேன். என் பெயரையும் குடும்பத்தையும் சொல்லி, நடந்ததற்கு நாங்கள் பொறுப்பு என்றேன். வீரம்மாள் கடைசி வரை கேட்டாள்.

"சொல்லிட்டீக அய்யா. சரி. ஆனா அவன் அங்கனதான நின்னான்?"

போனை வைத்துவிட்டாள். நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். அதனால் மறுபடி அழைக்கவில்லை.

"என்ன சொல்லுச்சு?" என்றான் மணிகண்டன்.

"சாப்பிடச் சொன்னாங்க," என்றாள் இன்ஷா. அவன் நம்பவில்லை. இருந்தாலும் தலையை ஆட்டினான்.

அழகுமலை நெய்ச்சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் இரண்டு சட்டிகள் இருந்தன. சோற்றைப் பாதியாகப் பிரித்திருந்தார். கறியையும் எண்ணிப் பிரித்திருந்தார். ஒன்றைக் கட்டில் பக்கம் வைத்தார், மற்றதைக் கதவுப் பக்கம். யார் மீதும் குறை வரக் கூடாது என்று நினைத்துத்தான் செய்தார். இன்ஷா அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது அந்த நேரத்தில் வேறொருவர் அரசியல் நடத்துகிறார். நல்ல கூட்டம் என்கிறார்கள். இன்ஷா ஒரு கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறாள். அவளை நிலையத்திலிருந்து நீக்கிவிட்டதாகச் சிலர் பேசுகிறார்கள். யாரும் நீக்கவில்லை. அவளாக எழுந்து வந்தாள்.

இன்னொரு பேச்சும் உலவுகிறது. கோபாலசாமியின் நிலையமே அதை விளம்பரத்தில் சொல்கிறது. அந்த அறையில் சமாதானம் ஆகிவிட்டதாம், மறுபடி ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்களாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. போன ஞாயிறு சாகிர் அங்கே அரிசி இறக்கப் போயிருந்தான். இரண்டு அடுப்பு எரிகிறது.