உம் கொட்டுகிறவள்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு தும்மல். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில், முன் சீட்டுப் பெண்ணின் முக்காட்டில் ஒட்டியிருந்த மில் பஞ்சு பறந்து வந்து என் மூக்கில் ஏறியது. தும்மினேன். திரும்பி "சாரி" என்றவள் மறுபடி போனில் பேசினாள்: "இல்லட்டி, நான் ஒண்ணும் சொல்லல. 'ம்'னு மட்டுந்தான் சொன்னேன்." மடவார்வளாகத்தில் இறங்கிப் போய்விட்டாள். அழுதாளா என்று தெரியாது. அழுதாள் என்று வைத்துக்கொண்டால்தான் எனக்குக் கதை நகரும்.

2

முதல் தொடக்கம்: 'மலை அடிவாரத்தில் மேகங்கள் தவழும் அந்த...' வேண்டாம். மில்லுக்குள் மேகம் தெரியாது.

இரண்டாவது: 'ஹஸீனாவுக்கு முப்பது வயதாகியும்...' இதுவும் வேண்டாம். வயதைச் சொன்னதும் நீங்கள் மாப்பிள்ளை தேடக் கிளம்பிவிடுவீர்கள்.

மூன்றாவது நிற்கட்டும்: ஹஸீனா தொழில் உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். நூற்பாலைத் தொழிலாளிகள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பது ஆய்வு. விடப்போகிறவர்களை ராஜபாளையத்து மில் ஒன்றின் கேன்டீனில் உட்காரவைத்து, போனில் பதிவு செய்தபடி பேசவிட்டுக் கேட்பாள். மதுரையில் இருக்கும் நெறியாளர் பரிபூரணம் அம்மா ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார்.

"உன் ஆசைய அவுக வாயில திணிச்சிராத. 'ம்'னு சொல்லு, 'மேல சொல்லுங்க'ன்னு சொல்லு. அம்புட்டுத்தான். அதுக்கு மேல வாயத் தொறந்தா அந்தப் பேட்டி ஆய்வுக்கு ஆகாது."

நான்கு வருடத்தில் ஹஸீனா உம் கொட்டுவதில் கெட்டிக்காரி ஆனாள். வீட்டில் அம்மா நூர்னிசாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏட்டி, நான் என்ன கதையா சொல்லுதேன்? பதில் சொல்லேன்."

3

ரஃபீக் என்று ஒருவன் இருந்திருப்பானா என்று எனக்கே சந்தேகம்தான். அதே மில்லில் நூற்பு மெஷின்களைப் பழுது பார்க்கிற ஃபிட்டர். நல்ல உயரம். (உயரம் நான் போட்டது. பேருந்துப் பெண் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.) ஹஸீனா வரும்போதெல்லாம் ஜன்னலோர நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போடுவான், பஞ்சுத் தூசி அவளுக்கு ஆகாது என்று யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டானோ. வேறு எதுவும் அவன் செய்ததில்லை. எந்த நாள் மில்லுக்குப் போவது என்பதை அவனுடைய ஷிப்டுதான் அவளுக்குத் தீர்மானித்தது.

(இருவருக்கும் நடுவே மதச் சுவரோ சாதிச் சுவரோ தேடாதீர்கள். ஒரே ஜமாத். பெரியவர்கள் பேசினால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். சுவர் எழுப்பினால் என் வேலை சுலபமாகிவிடும் என்பதால் எழுப்பவில்லை.)

4

அந்தச் செவ்வாய்க்கிழமை பேட்டிக்கு வந்து உட்கார்ந்தவன் ரஃபீக்.

"எத்தியோப்பியாவுல ஒரு மில்லுல ஃபிட்டர் கேட்டிருக்காக, மேடம். வெள்ளிக்கெழம கெளம்புறேன்."

போன் பதிவாகிக்கொண்டிருந்தது. "ம்," என்றாள்.

"இங்க ஒரு கொறையும் இல்ல. போகணும்னு ஆசையும் இல்ல. அத்தா, அம்மா எல்லாரும் போன்னுதான் சொல்லுதாக."

"மேல சொல்லுங்க."

"யாராச்சும் ஒரு ஆளு இருன்னு சொன்னா இருந்துருவேன்." அவன் போனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். "அப்பிடிச் சொல்ல எனக்கு யாரு இருக்கா?"

ஹஸீனாவின் ஏக்கம் எப்படி இருந்ததென்றால்... (உவமை கிடைக்கவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.) அவன் போகக் கூடாது என்று அவளுக்கு இருந்தது. ஒரு பேட்டி கெட்டால் பட்டம் ஒன்றும் ஓடிப்போகாது, இன்னொரு ஆள் கிடைப்பார். அவளுக்கும் அது தெரியும். ஆனால் பழகிய வாய் அவளைக் கேட்கவில்லை.

"ம்," என்றாள்.

ரஃபீக் தலையாட்டிவிட்டு எழுந்தான்.

5

ஒரு முடிவு: அவள் போனை அணைத்துவிட்டு "இருங்க" என்கிறாள். எழுதிப் பார்த்தேன், எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் பேருந்தில் கேட்ட குரலில் அந்தச் சொல் இல்லையே.

இன்னொன்று: வாய்மொழித் தேர்வு. அரங்கத்தில் யாரோ எழுந்து, "வேலைய விட்டுப் போனவங்களை யாராவது இருக்கச் சொன்னாங்களான்னு நீங்க ஏன் கேக்கல?" என்கிறார். டாக்டர் ஹஸீனா "ம்" என்கிறாள். கைதட்டுகிறார்கள். இதை என்னால் தாங்க முடியவில்லை, அடித்துவிட்டேன்.

6

ஆகவே கேன்டீனுக்கே திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை. ரஃபீக் ஜன்னலோர நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டு வாசலுக்கு நடக்கிறான். ஹஸீனா வாயைத் திறக்கிறாள், 'இருங்க' என்ற சொல் வரவில்லை. நான் சொல்லலாம் என்றால், எழுதுகிறவன் குரல் கதைக்குள் கேட்காது.

நீங்கள் முதல் வரியிலிருந்து உம் கொட்டிக்கொண்டே வருகிறீர்கள். கதை கேட்கிறவர்கள் அப்படித்தான் கேட்க வேண்டும். இந்த ஒரு தடவை மட்டும் உம் கொட்டாதீர்கள். அவன் கதவில் கை வைத்துவிட்டான்.

சொல்லுங்கள்.