மகளிர் வார்டு

நகராட்சித் தேர்தலில் அந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும், திண்டிவனத்தில் கட்சிக்காரர்கள் பலருக்குத் தங்கள் மனைவிமாரின் பெயர் திடீரென்று ஞாபகத்துக்கு வந்தது. பரிமளாவுக்குச் சிரிப்பாக இருந்தது. கட்சிக்காகத் தெருத் தெருவாகப் போய் ஓட்டுக் கேட்டவள் அவள். சம்பளமில்லை, பதவியில்லை. குழாயில் தண்ணீர் நின்றாலும் முதியோர் பென்ஷன் நின்றாலும் சனங்கள் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். இந்த முறை தானே நிற்பது என்று தீர்மானித்துவிட்டாள்.

வேட்பாளரை வார்டிலுள்ள கட்சி உறுப்பினர்களே கூடித் தேர்ந்தெடுக்கலாம் என்று தலைமை அறிவித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாண மண்டபத்தில் கூட்டம். விழுப்புரத்திலிருந்து பொறுப்பாளர் தேவநாதன் காரில் வந்து இறங்கினார். அவர் பின்னாலேயே இறங்கியவன் வெற்றிச்செல்வன். மனைத் தரகு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் தடித்த சங்கிலி. இரண்டு பேரும் ஒரே காரில் வந்ததைப் பார்த்தபோதே பரிமளாவுக்குக் கதை புரிந்துவிட்டது. கெடாரில் அவள் அப்பாவின் மல்லாட்டைக் கொல்லையில் கடலை தின்னப் பன்றிகள் புகுவதுண்டு. தின்று முடித்ததும் போய்விடும். இதுகள் மேடை போட்டு உட்கார்ந்துகொள்கின்றன.

தேவநாதன் மைக்கைத் தட்டினார். "நம்ம வெற்றிச்செல்வனோட துணைவியார் அஸ்வினி பேரு முன்மொழியப்பட்டிருக்கு. ஏகமனதா முடிச்சிக்கலாம்."

பரிமளா எழுந்தாள். "நானும் நிக்கிறேங்க. அது இருக்கட்டும், வேட்பாளர் எங்க?"

"வீட்ல வேல இருக்குதுக்கா. அவளுக்குப் பதிலா நான் வந்துகீறேன் இல்ல?" என்றான் வெற்றிச்செல்வன்.

"புடவ கட்டிக்கினு வந்திருக்கலாமே!"

பெண்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு எழுந்தது. பரிமளா அந்தச் சிரிப்பு அடங்குமுன் அஸ்வினிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அஸ்வினி, பரிமளா பேசறேன். எங்க கீற?"

"விழுப்புரத்துல அம்மா வீட்டுலக்கா. கேப்பைக் களி கிண்டிக்கினு இருக்கேன். இன்னாக்கா?"

"எலெக்ஷன்ல நிக்கிறியாமே?"

"இன்னா எலெக்ஷன்?"

மண்டபமே அதிர்ந்து சிரித்தது. "ஏய், போன வையிடி!" என்று கத்தினான் வெற்றிச்செல்வன்.

அந்தப் பக்கம் குரல் சட்டென்று சுருங்கியது. "அவரு அங்கதான் இருக்காரா? அப்போ அவரு இன்னா சொல்றாரோ அதாங்க்கா."

"பாத்தீங்களா, வேட்பாளரே சம்மதம் சொல்லிட்டாங்க," என்றார் தேவநாதன், கொஞ்சமும் கூசாமல். "ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. முந்தாநாள் வரை "உனக்குத்தான் பரிமளா" என்று சத்தியம் செய்த கைகளும் அதில் இருந்தன. கிருஷ்ணவேணியின் கை பாதியில் நின்றது. நின்றுபோன தன் முதியோர் பென்ஷனுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து மீட்டுக் கொடுத்தவள் எதிரிலேயே நிற்கிறாளே! ஆனால் சமையல்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வந்தது. கை முழுசாக மேலே போய்விட்டது. பரிமளாவுக்கு ஆத்திரம்கூட வரவில்லை. காலில் ஒட்டிய சேற்றைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

தேவநாதன் பெருந்தன்மையாகச் சிரித்தார். "பரிமளாம்மா ஒழைப்பு வீணாகாது. மகளிர் அணி துணை அமைப்பாளர் அவங்கதான்." சொல்லிக்கொண்டே சால்வையைப் போர்த்தினார்.

மேடை மேஜையில் யாரோ டீயைக் கொட்டியிருந்தார்கள். பரிமளா சால்வையைக் கழற்றி, மேஜையை ஓரம் விடாமல் துடைத்து, பிழிந்து அவர் முன்னால் வைத்தாள். "வர்றேங்க," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் வெளியே நடந்தாள்.

பிரசாரம் தொடங்கியது. போஸ்டரில் வெற்றிச்செல்வனின் முகம் தாம்பாளம் அளவுக்கு இருந்தது. வேட்பாளரின் முகம் தபால்தலை அளவுக்கு. ஒரு சாயங்காலம் மேளத்தோடு கூட்டம் பரிமளாவின் தெருவுக்கு வந்தது. புதுப்பட்டுப் புடவையில் வேர்த்து விறுவிறுத்துக் கைகூப்பி நின்றாள் அஸ்வினி. பரிமளா ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். அஸ்வினி மடமடவென்று குடித்தாள்.

"தப்பா எடுத்துக்காதக்கா," என்றாள் தணிந்த குரலில். பிறகு யாரோ சொல்லிக் கொடுத்ததை ஒப்பிப்பதுபோல், "இந்தத் தெருவுல இன்னா பிரச்சினைக்கா?" என்று கேட்டாள்.

"தண்ணிதான், வேறின்னா?" பின்னாலிருந்து வெற்றிச்செல்வன் பதில் சொன்னான்.

பரிமளா சொம்பை வாங்கிக்கொண்டாள். "பிரச்சினை உன் பின்னாலதான் நிக்குது."

அஸ்வினி திரும்பிப் பார்த்தாள். புருஷன், அவன் கழுத்துச் சங்கிலி, அவன் கையில் அவளுடைய செல்போன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. சிரிப்பை அடக்க முடியவில்லை. மேளக்காரர்களும் சிரித்துவிட்டார்கள்.

"பேஜாரு புடிச்ச வீடு. ஜல்தி நட!" என்று அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான் வெற்றிச்செல்வன்.

அஸ்வினி கையை உதறினாள். உடனே அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டாள்தான். ஆனாலும் முதல் முறையாக அவனுக்கு முன்னால் நடந்தாள்.