அடிபடாத வண்டி

இருபத்து மூன்று வருஷமாக ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், தனக்கென்று ஒரு கார் பார்க்கப் போன அன்று தப்பான கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங் இருக்கிற பக்கம் இல்லை, அதற்கு அடுத்த பக்கம். உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு, "ம், கண்ணாடியைச் சரி பண்ணிக்குங்க" என்று காலி இருக்கையைப் பார்த்துச் சொல்லியும் விட்டாள். வண்டியை விற்கிற பல் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பல் டாக்டர் ஆயிற்றே, தாராளமாகவே சிரித்தார்.

அவளைக் குறை சொல்ல முடியாது. டிரைவிங் ஸ்கூலில் டீச்சரின் இடம் அதுதான். காலடியில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்தே பாதி ஊரின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள். 'பிரேக் டீச்சர்' என்றால்தான் யாருக்கும் தெரியும். அவளிடம் படித்த நர்ஸும் பேங்க் மேனேஜரும், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்ட வக்கீலும் இன்று விதவிதமான கார்களில் ஹாரன் அடித்துக் கையாட்டிக்கொண்டு போகிறார்கள். இவள் பஸ் ஸ்டாப்பில் நின்று பதிலுக்குக் கையாட்டுகிறாள்.

அப்படிப்பட்டவள் மனசு போயும் போயும் ஒரு ஸ்போர்ட்ஸ் கூப்பேயில் விழுந்தது. கரும்பச்சை நிறம், இரண்டே கதவு, நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை, வயது பத்தொன்பது. சரியான கதவு வழியாக ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது கியரில் அதன் குரல் மாறியபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

தங்கை கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த வயசுல உனக்கு இது கேக்குதா அக்கா? ஒரு அவசரம்னா நாலு பேரை ஏத்த முடியுமா அதுல?"

"ஊரையே ஏத்தி இறக்கியாச்சு. இனிமே நான் ஏறிக்கிறேன்" என்றாள் டீச்சர்.

தங்கையைச் சமாளித்துவிடலாம். கணவரைச் சமாளிப்பதுதான் பாடு. பெரிய பொருள் எது வாங்குவதானாலும் இரண்டு பேரும் தலையாட்ட வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டுச் சட்டம். அவர் ஆசைப்பட்ட மோட்டார் படகை அவள் ஒரே தலையசைப்பில் கவிழ்த்திருக்கிறாள். இப்போது முறை அவருடையது. அவரோ டிங்கர். நசுங்கின கார்களைத் தட்டி நிமிர்த்துவது முப்பது வருஷத் தொழில். நிமிர்த்திக் கொடுப்பாரே தவிர, அப்படிப்பட்ட வண்டியைத் தம்படிக்கும் நம்ப மாட்டார்.

"அடிபட்டது அடிபட்டதுதான். மேல என்ன பூசினாலும் உள்ள ஊனம் இருக்கும்" என்பார். "அடிபடாத வண்டியா இருந்தா வாங்கிக்கோ. இல்லைன்னா அந்தப் பேச்சே வேண்டாம்."

சனிக்கிழமை காலை அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். கிளினிக்குக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் வண்டி நின்றது. அவர் பையிலிருந்து துணி சுற்றிய காந்தத்தை எடுத்தார். நசுங்கின இடத்தைப் பட்டி போட்டு நிரப்பியிருந்தால் காந்தம் அங்கே ஒட்டாமல் நழுவிவிடும். அங்குலம் அங்குலமாக வைத்துப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். குந்தி உட்கார்ந்து, பெயிண்டில் தெரிந்த ஜன்னல் கம்பிகளின் நிழல் எங்கேயாவது நெளிகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். டிக்கியைத் திறந்து உள்ளே கிடந்த விரிப்பைத் தூக்கியும் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. டீச்சர் பரீட்சை எழுத வந்தவள் மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் அவர் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சுத்தமான வண்டி. ஒரு கீறல்கூட வாங்கினதில்ல. வாங்கிக்கோ" என்றார்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நேரம் பார்த்து டாக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"சார், மறைச்சு விக்கறது எனக்குப் பழக்கமில்ல. பன்னிரண்டு வருஷம் முன்னாடி ஒரு கான்கிரீட் லாரி இதைப் பின்னாடி இடிச்சிருச்சு."

உறையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். அப்போது வண்டி வெள்ளி நிறம். இடது பின்பக்கம் சக்கரத்தோடு சேர்ந்து உள்ளே போயிருந்தது. இன்ஷூரன்ஸ்காரர்கள்தான் எங்கேயோ கொண்டுபோய் வேலை பார்த்தார்களாம். பச்சை அடித்ததெல்லாம் பிற்பாடு.

டிங்கரின் முகம் சுண்டிப்போயிற்று. காந்தத்தை மறுபடி அங்கே வைத்தார். அது கவ்விக்கொண்டு நின்றது.

"எவனோ எமகாதகன் பண்ணியிருக்கான்" என்று முனகினார். "பட்டியே வைக்காம தகரத்தைத் தட்டியே பழைய வளைவுக்குக் கொண்டுவந்திருக்கான். என் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டான்." பிறகு காந்தத்தைப் பைக்குள் போட்டார். "ஆனாலும் வேண்டாம். அடிபட்டது அடிபட்டதுதான். வா, போகலாம்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. அப்படி என்னதான் ஊனம் இருக்கிறது என்று பார்த்துவிடும் வேகத்தில் டிக்கிக்குள் தலையை விட்டு விரிப்பை விலக்கினாள். இரண்டு தகடுகள் சேரும் மூலையில் தண்ணீர் புகாமலிருக்கச் சாம்பல் நிறத்தில் பசை பூசியிருந்தது. விரலால் வழித்த பூச்சு. அதன் நட்டநடுவில், நூல் பிடித்த மாதிரி மெல்லிசாக ஒரு மேடு ஓடியது.

அந்த மேடு அவளுக்குத் தெரியும். சமையலறைத் தொட்டி ஓரத்தில் இருக்கிறது. குளியலறை மூலையில் இருக்கிறது. அழுக்குச் சேர்கிறது என்று பல வருஷமாக அதைத் தேய்த்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருக்கிறாள். தொழில் பழகிய புதிதில் தகரம் கிழித்து, அவள் கணவரின் கட்டைவிரலில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. அந்த விரலால் எதை வழித்தாலும் நடுவில் ஒரு கோடு மிஞ்சும்.

"ஏங்க, இங்க வாங்க. கட்டைவிரலைக் குடுங்க."

"என்னத்துக்கு?"

"குடுங்கன்னா!"

அவர் கையைப் பிடித்து இழுத்து விரலை அந்தப் பூச்சின் மேல் வைத்தாள். மேடு பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சற்றுமுன் அவரும் அதைப் பார்த்தவர்தான். பார்த்தும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் கைபட்ட மூட்டெல்லாம் அப்படித்தானே இருக்கும்.

டிங்கர் டிக்கிக்குள் இன்னும் குனிந்து, அந்தத் தகட்டை உள்பக்கமாகத் தடவிப் பார்த்தார்.

"பெரிய ஷெட்டுல சம்பளத்துக்கு இருந்தப்போ... வெள்ளிக் கலர். ஆமா, கான்கிரீட் லாரி. பச்சையைப் பார்த்ததுல ஞாபகமே வரல. எட்டு நாள் தட்டினேன். வெட்டி எறிஞ்சிட்டு வேற மாட்டுன்னார் முதலாளி. நான்தான் விடல."

டீச்சருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. டாக்டர் பக்கத்தில் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எமகாதகன்னு யாரைச் சொன்னீங்க?"

அவர் இன்னொரு கையால் விரிப்பை இழுத்து மூடினார்.

"முப்பது வருஷமா உங்க கையை நம்பி ஊரே வண்டி ஓட்டுது. நீங்க ஒருத்தர்தான் அதை நம்பல. இப்ப சொல்லுங்க, வாங்கவா, வேண்டாமா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டாக்டரிடம் சாவியை வாங்கி அவள் உள்ளங்கையில் வைத்தார். அந்தச் சந்தோஷத்தில் அவள் பழைய ஞாபகத்தில் பழைய கதவுக்கே போய் நின்றாள். அவர் முந்திக்கொண்டு அதைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

"அந்தப் பக்கம் போங்க டீச்சர். இது என் சீட்டு" என்றார். பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "ம், கண்ணாடியைச் சரி பண்ணிக்கோ."

பக்கக் கண்ணாடியில் சாலைதான் தெரிய வேண்டும், சொந்த வண்டியின் அழகு தெரியக் கூடாது என்று ஆயிரம் பேருக்காவது சொல்லிக்கொடுத்திருப்பாள். அன்று இடது கண்ணாடியை வேண்டுமென்றே உள்பக்கமாகத் திருப்பினாள். அவர் எட்டு நாள் தட்டிய இடம் அதில் முழுசாகத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் கியரைப் போட்டாள்.